முறிந்த மூன்று தூண்கள்

வந்த பெண்ணை உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி, தான் மருந்து மேஸ்திரியின் மனைவி என்றாள். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை. படகுத்துறை இடிந்த நாளிலிருந்து ஊரில் அந்த மேஸ்திரியைத் திட்டாத வாய் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஆமை. அது அவருடைய பெயர் அல்ல. கப்பல் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடும் வேலையில் இருந்தபோது, ஓர் ஓட்டையைப் பார்க்க அரை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டம். ஓய்வு பெற்றபோது நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன்பிறகு தேடி வருகிறவர்களுக்குத் துப்பு விசாரித்துக் கொடுக்கிறார். அவருக்குத் துணை, மனைவியின் தம்பி பட்டாசு. புகைப்பட நிலையம் நடத்தி மூடியவர். இப்போது அத்தானின் வழக்குகளுக்குப் படம் எடுக்கிறார், எடுக்கச் சொல்லாததையும் சேர்த்து. இந்த மனிதரை ஏன் கூட வைத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வீட்டுக்காரியோட தம்பி" என்பார் ஆமை. அதற்கு மேல் எந்த ஆண்பிள்ளையும் கேட்டதில்லை.

அந்தப் பெண் சொன்னது சுருக்கமானது. படகுத்துறை மரத்தூண்களின் மேல் நிற்கிறது. மரத்தைக் கடலில் நட்டால் கப்பல் புழு சும்மா விடாது. வெளியே தெரியாமல் உள்ளே புகுந்து அரித்துவிடும். அதனால் தூண்கள் முதலில் மரக்கிடங்குக்கு வரும். அங்கே ஒரு பெரிய இரும்பு சிலிண்டருக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்துத் தார் எண்ணெயை மரத்துக்குள் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய்க்குத்தான் மருந்து என்று பெயர். ஏற்றுவது அவள் கணவரின் பொறுப்பு. மருந்து சரியாக ஏறிய தூண் ஒரு தலைமுறைக்கு நிற்க வேண்டும். நட்டுச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை, மூன்று தூண்கள் முறிந்து துறையின் ஒரு மூலை சரிந்தது. படகுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி அடியில் மாட்டிச் செத்துப்போனார். முறிந்த மரத்தின் உள்ளே பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை. மருந்தைக் குறைத்து ஊற்றிவிட்டு மீதியை மேஸ்திரி வெளியே விற்றுவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. நாளை மறுநாள் விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் அங்கிருந்தே சிறைக்குப் போக வேண்டியதுதான்.

"அவர் என்ன சொல்றார்?" என்று ஆமை கேட்டார்.

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. "அதுதாங்க எனக்குப் புரியல. ஆரம்பத்துல, என் மருந்துல குறையில்லைன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டார். அப்புறம் முறிஞ்ச மரத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. போய்ப் பார்த்துட்டு வந்தவர்தான், அதுக்கப்புறம் வாயே திறக்கல. சோறு போட்டா சாப்பிடுறார். கேட்டா என்னைப் பார்க்கிறார், அவ்வளவுதான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்ற பழமொழி பட்டாசின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமை திரும்பிப் பார்த்ததால் அது அங்கேயே நின்றது.

"அவர் தப்பு பண்ணியிருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"பண்ணலைங்க. சட்டையிலே எண்ணெய்க் கறை படிஞ்சாக்கூட மருந்து வீணாப் போச்சேன்னு வருத்தப்படுற மனுஷன். யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிங்க. எனக்கு அவரைத் திருப்பிக் கொடுங்க, போதும்."

ஆமை சரி என்றார். எப்போதும் உடனே சரி சொல்லாதவர் இவ்வளவு சீக்கிரம் சொன்னது பட்டாசுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றே துறைக்குப் போனார்கள். இடிந்த மூலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். முறிந்த மூன்று தூண்களின் அடிப்பாகங்களையும் மண்ணிலிருந்து பிடுங்கிக் கரையில் போட்டிருந்தார்கள். கடல் வாடையும் தார் வாடையும் கலந்து மூக்கைத் துளைத்தன. ஆமை காவலர்களைக் கெஞ்சி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உருட்டவைத்து, அடிமுனைகளைக் கிடங்குச் சுவரோடு ஒட்டிவைக்கச் செய்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார். மூன்றும் ஒரே நீளம். முறிவுகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே வரிசையில் நின்றன.

ஆனால் மண்ணுக்குள் புதைந்திருந்த இடம்வரை ஏறியிருந்த சேற்றுக்கறை ஒவ்வொன்றிலும் வேறுபட்டது. ஒரு தூணில் முறிவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இன்னொன்றில் முறிவுக்கு ஓர் ஆள் உயரம் கீழேயே நின்றுவிட்டது. ஆமை அதைத் தொட்டுக்காட்டிப் படம் எடுக்கச் சொன்னார். பட்டாசு எடுத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை; தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

முறிவில் மரம் இரண்டு வகையாக இருந்தது. வெளிச்சுற்றில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பாக, ஆணி இறங்காத கெட்டியாக இருந்தது. அதற்குள்ளே வெளுத்த மரம், அதில்தான் ஓட்டைகள். ஆமை ஒரு துண்டை நீளவாக்கில் பிளக்கச் சொல்லி, உள்ளே ஓடிய புழுப் பாதைகளை விரலால் தடவிப் பார்த்தார். அடியை நோக்கிப் போகப் போகப் பாதைகள் சுண்டுவிரல் பருமன். முறிவுக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுதான்.

தூண்களின் அடிமுனையில் சுத்தியலால் அடித்த ஒரு முத்திரையும் எண்ணும் இருந்தன. மருந்து ஏறியபின் சோதனையாளர் ஒருவர் வருவார். ஒரே தடவையில் சிலிண்டருக்குள் போகும் தூண்கள் ஓர் ஈடு; ஒவ்வொரு ஈட்டிலும் சில தூண்களை மட்டும் பொறுக்கிச் சோதித்து இந்த முத்திரையை அடிப்பார். எண் எந்த ஈடு என்பதைச் சொல்லும். காவலர் சொன்ன இந்த விவரம் பட்டாசுக்குப் போதுமானதாக இருந்தது.

"அத்தான், மூணுலயும் முத்திரை. அதே ஈட்டுல சோதிக்காத தூணெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. சோதிச்சதுதான் விழுந்திருக்கு. சோதனையாளரைப் பிடிங்க."

"பிடிச்சா என்ன கேட்கிறது?"

பட்டாசு காமிராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மரக்கிடங்கு. அவர்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவன் மேஸ்திரியின் மனைவியோடு பிறந்த தம்பி; முப்பது வயது இருக்கும். அக்காவின் சிபாரிசில் அத்தானிடம் வேலைக்குச் சேர்ந்தவன். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் சுபாவம். கேட்பதற்கு முன்பே நாற்காலியைத் துடைத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்தான், பட்டாசின் காமிராவைப் புகழ்ந்தான். பட்டாசுக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று.

அவன் வேலையை வரிசையாக விளக்கினான். இன்னார் பட்டை உரிப்பார். ஒரு கீற்றுப் பட்டை விட்டாலும் அந்த இடத்தில் மருந்து ஏறாது. இன்னார் மரத்தை அடுக்கிக் காய வைப்பார். ஈர மரம் எண்ணெய் குடிக்காது. அத்தான் மரத்தைத் தட்டிப் பார்த்துச் சரியென்றால்தான் சிலிண்டருக்குள் போகும். பிறகு மூடியைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, எண்ணெயை விட்டு அழுத்தம் கொடுப்பது. வெளியே எடுத்ததும் சோதனையாளர் வருவார். தூணின் நடுவில் குழல் போன்ற ஒரு துளைப்பானை இறக்கி, விரல் பருமனில் மரத்தை உருவி எடுத்து, மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பார். திருப்தியானால் முத்திரை. அப்புறம் லாரி.

"நீங்க இதுல எந்த வேலை?" என்று பட்டாசு கேட்டார்.

"எல்லா வேலையும்தாங்க. கூப்பிட்ட இடத்துக்குப் போவேன்" என்று சிரித்தான் அவன்.

சிலிண்டரின் திறந்த வாய்க்கு அருகே கொக்கியில் ஒரு கம்பிக்கூடை தொங்கியது. அடியில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஆமை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் முகம் வாடியிருந்தது. வெயிலா என்று பட்டாசு கேட்டார். "ஆமா, வெயில்தான்" என்றார்.

பிற்பகலில் கடல் உள்வாங்கும் நேரத்துக்குக் காத்திருந்து, துறையின் கரைப்பக்கமாக முழங்கால் தண்ணீரில் இறங்கினார். முறிந்த ஈட்டைச் சேர்ந்த இன்னொரு முத்திரைத் தூண் அங்கே நிற்பதாகத் துறை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சாட்சிக்குச் சோதனையாளரையும் கூட்டி வந்திருந்தார். அந்த மனிதர் துறை இடிந்த நாளிலிருந்தே வெலவெலத்துப் போயிருந்தார். தன் முத்திரை உள்ள தூணால் ஒருவன் செத்தான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. தூணில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, ஆமை எதையோ தேடினார், கிடைத்தது, குறட்டால் பிடித்து இழுத்தார். அடுத்தாற்போல் பழைய ஈட்டைச் சேர்ந்த ஒரு தூணிலும் அதையே செய்தார். எடுத்த இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்தபோது சோதனையாளர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கடவுளே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரிலேயே நின்றார்.

அன்று மாலை ஆமை மேஸ்திரியின் வீட்டுக்குப் போனார். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மனைவியை வாசலுக்கு அழைத்தார்.

"நாளைக்கு நான் பேசினா உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துடுவார். ஆனா அதோட முடியாது. உங்க வீட்டுக்குள்ளேயே இன்னொரு அடி விழும். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் போகல. நீங்க வேற ஆளைப் பாருங்க."

அவள் அவரையே பார்த்தாள். உள்ளே தம்பி அத்தானுக்குத் தட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. "செத்தவரோட பொண்டாட்டி நாளைக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். வருவாள் என்றார். "அப்ப நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

 

விசாரணை துறை அலுவலகத்தின் கூடத்தில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கும் பெண்மணி. ஒரு பக்கம் சோதனையாளர், எதிர்ப்பக்கம் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் மனைவியும் தம்பியும். கடைசி வரிசையில் கயிறு கட்டியவரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் இரண்டு காவலர்கள்.

அதிகாரி அனுமதித்ததும் ஆமை எழுந்தார். அவர் பேச்சும் நடையைப் போலத்தான். ஆனால் அன்று யாரும் அவசரப்படுத்தவில்லை.

"முதல்ல, மருந்து குறைஞ்சுதா? இல்ல. வெளிச்சுத்து ரெண்டு விரல் கனத்துக்குக் கறுப்பா, கெட்டியா இருக்கு. புழு அதைத் தொடவே இல்ல. மரத்தைச் சரியா காய வெச்சு, சரியா மருந்து ஏத்தினாதான் இந்தக் கனம் வரும். மேஸ்திரி தன் வேலையைச் செஞ்சிருக்கார். மரத்தோட நடுப்பகுதிக்கு எப்பவுமே மருந்து போகாது. வெளியே இருக்கிற இந்தக் கறுப்புதான் அதுக்குக் கோட்டைச் சுவர். அப்ப சுவர் நல்லா இருக்கும்போது எதிரி எப்படி உள்ள வந்தான்?"

கப்பல் புழு என்பது பெயரளவில்தான் புழு, உண்மையில் சிப்பிக்கு உறவு என்று அவர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனபிறகு தின்று தின்று பருக்கும்; மறுபடி வெளியே வராது. ஆகவே அதன் பாதை எங்கே மிகவும் ஒல்லியாக இருக்கிறதோ அதுதான் வாசல். மூன்று தூண்களிலும் பாதைகள் ஒல்லியாக இருந்தது முறிந்த இடத்தில். அந்த இடத்திலிருந்துதான் மேலேயும் கீழேயும் ஓடியிருக்கின்றன.

"அடுத்தது, அந்த வாசலைத் திறந்தது யார்? கடலா, மனுஷனா? கடலடி மண்ணு சரிவா இருக்கு. ஒவ்வொரு தூணும் வேற வேற ஆழம் புதைஞ்சிருக்கு. சேத்துக்கறை அதைக் காட்டுது. படகு இடிச்சோ, அலை அடிச்சோ காயம் பட்டிருந்தா, தண்ணியிலே ஒரே உயரத்துல பட்டிருக்கணும். தூணுக்குத் தூண் இடம் மாறியிருக்கும். ஆனா அடியிலேர்ந்து அளந்தா மூணும் ஒரே இடத்துல முறிஞ்சிருக்கு. அப்படின்னா அந்தக் காயம் கடலுக்கு வர்றதுக்கு முன்னாலேயே, மரம் தரையில படுத்திருந்தப்ப பட்டது. மருந்து ஏறின பிறகு கிடங்குல தூணோட நடுவுல ஓட்டை போடுறவர் ஒருத்தர்தான் இருக்கார்."

எல்லாருடைய கண்ணும் சோதனையாளர் மேல் திரும்பியது. பட்டாசு மட்டும் மேஜையைப் பார்த்தார்.

"அவர் மேல தப்பில்ல" என்றார் ஆமை. "சோதிக்கணும்னா ஓட்டை போட்டுத்தான் ஆகணும். பல வருஷமா போடுறார். பழைய தூணெல்லாம் நிக்குது. ஓட்டை போட்டா அதை அடைக்க ஒரு தக்கை இருக்கு. விரல் நீள மரத்துண்டு. அந்தத் தக்கையையும் தூணோட சேர்த்து, கம்பிக்கூடையில வெச்சு சிலிண்டருக்குள்ள அனுப்பணும். அதுவும் உள்வரைக்கும் மருந்து குடிக்கணும். அப்புறம்தான் ஓட்டையில அடிக்கணும். இது பழைய தூணோட தக்கை."

காகிதத்தைப் பிரித்தார். உள்ளே இருந்த தக்கையைப் பிளந்து வைத்திருந்தார். தலை முதல் நுனிவரை கறுப்பு.

"இது முறிஞ்ச தூணோட அதே ஈட்டுல கூடப் பிறந்த தூணோட தக்கை."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தலையில் மட்டும் கறுப்பு. உடம்பு பச்சை மரத்தின் வெளுப்பு. அதில் சல்லடைக் கண்ணாக ஓட்டைகள்.

"கூடையை உள்ள வைக்க மறந்துட்டாங்க. அது மறதி. யாருக்கும் வரும். மறுநாள் சோதனையாளர் வந்து நிக்கிறார், லாரி நிக்குது. மறந்துட்டேன்னு சொன்னா அடுத்த ஈடு வரைக்கும் தூண் போகாது, திட்டு விழும். அதனால பச்சைத் தக்கையோட தலையை மட்டும் எண்ணெயில முக்கி அடிச்சிருக்காங்க, பார்க்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணா தெரியணும்னு. அது மறதி இல்ல. மேஸ்திரி முறிஞ்ச மரத்தைப் பார்த்த அன்னிக்கே தக்கை ஓட்டையில விரலை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். அன்னிலேர்ந்துதான் பேசல. நான் கிடங்குக்குப் போனப்ப எல்லார் வேலையையும் ஒண்ணு விடாம சொன்னாங்க. தக்கை அடிக்கிற வேலையை மட்டும் சொல்லல."

பேரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் தானாகச் சொன்னால் நல்லது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அப்போது மேஸ்திரி எழுந்தார். பல நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"நான்தாங்க அடிச்சேன். அன்னிக்கு ஆள் இல்ல. நானே அடிச்சேன்."

பட்டாசு அத்தானைப் பார்த்தார். ஆமை கண்ணை மூடிக்கொண்டார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார். தம்பி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மேஸ்திரியின் மனைவி எழுந்து நின்றாள்.

"எழுதாதீங்கம்மா. அவர் சொல்றது பொய். தக்கை அடிக்கிறது என் தம்பி வேலை. சேர்ந்த நாள்லேர்ந்து அவன் வேலை அது ஒண்ணுதான். நான் அழுது கேட்டதால இவர் அவனைச் சேர்த்துக்கிட்டார். அம்மா போனதுக்கப்புறம் அவனை வளர்த்தது நான். அதனால இதையும் நானே சொல்லிடறேன்."

சொல்லும்போது அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்தவளைப் பார்த்துத்தான் சொன்னாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. முன்னால் இருந்த கணவரின் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் உட்காரவில்லை.

அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒரு விரல் கட்டைதானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்ததாகச் சொன்னான். துறை இடிந்த அன்று தனக்கு உடனே தெரிந்துவிட்டதாம். அத்தான் சிக்கிக்கொண்டபோது சொல்லிவிடத்தான் நினைத்தானாம். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியதாம். கயிறு கட்டியவரின் மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து போனாள்.

காவலர்கள் தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். மேஸ்திரி படியில் நின்றார். அவர் இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே போவது என்று தெரியாதவர் போல இருந்தார்.

"உனக்காகத்தான் நான் சும்மா இருந்தேன்" என்றார் மனைவியிடம்.

"தெரியும்" என்றாள் அவள். "நீங்க உள்ள போயிருந்தா அவன் தினமும் என் கையால சாப்பிட்டிருப்பான். நானும் ஒண்ணும் தெரியாமப் போட்டிருப்பேன்."

ஜீப் கிளம்பும்போது தம்பி ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் அதன் பின்னாலேயே வேகமாகச் சில அடி நடந்தாள். பிறகு தெருவின் நடுவில் நின்று, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.